வளவு எத்தனை கோழி தாங்கும்?

ஊர்க்கோழி ஒன்றின் கழுத்தடியில் இருக்கும் தீன்பையைத் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்? புழு, பூச்சி, புல்விதை என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இலங்கைக் கிராமக் கோழிகளின் தீன்பைகளை ஆராய்ந்து எஸ். பி. குணரத்ன குழுவினர் 1993இல் வெளியிட்ட கட்டுரையில் விடை வேறாக இருந்தது. தீன்பையில் இருந்ததில் நூற்றுக்கு 72 பங்கு வீட்டுக் கழிவு. புல்லின் குருத்து 13 பங்கு, புழு பூச்சி 8 பங்கு, நெல் 7 பங்கு. காடு மேடெல்லாம் கிளறித் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நாம் நினைக்கும் கோழி, உண்மையில் நம் அடுக்களை வாசலில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அதே குழுவினரின் வேலையிலிருந்து இன்னொரு கருத்தும் வந்தது. ஒரு வளவிலும் அதன் சுற்றத்திலும் கோழிக்குக் கிடைக்கும் தீனுக்கு ஓர் அளவு உண்டு. கோழிகளைக் கூட்டினால் தீன் கூடாது, பங்கு குறையும். ஆறு கோழி நன்றாக முட்டையிட்ட இடத்தில் பன்னிரண்டு கோழி நின்றால் பன்னிரண்டும் அரைவயிற்றோடு நிற்கும்; கூடைக்கு வரும் முட்டை ஏறக்குறைய அதேதான். திருகோணமலையில் வீட்டு முட்டைக்காகக் கோழி வளர்க்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது எந்த இனம், எத்தனை குஞ்சு என்பதல்ல. அந்த முட்டைக்கான தீன் எங்கிருந்து வரப்போகிறது என்பதே முதற்கேள்வி.

இந்தக் கேள்வி திடீரென்று வீட்டுக்கு வீடு வந்தது 2022இல். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதும் தீனுக்கான சோள விளைச்சல் விழுந்தது. பிறகு இறக்குமதிக்கு டொலரும் தீர்ந்தது. தீன் கிடைக்காத பண்ணைகள் கோழிகளைக் கழித்தன. 2022 ஆகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று அரசு உச்சவிலை விதித்தது. விதித்ததும் பல கடைகளில் முட்டையே காணாமற் போனது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. பின்வளவில் கோழிக்கூட்டுக்குத் தடி நட்டவர்கள் அந்த நாட்களில் எங்கும் இருந்தார்கள். அந்தக் கூடுகளில் எத்தனை இன்று விறகு அடுக்கும் இடமாக இருக்கின்றன என்று நானும் எண்ணிப் பார்த்ததில்லை. என் ஒழுங்கையில் மட்டும் இரண்டு தெரியும்.

அவை ஏன் நின்றுபோயின என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். பண்ணைக்கென்று உருவாக்கப்பட்ட லேயர் கோழி ஒன்று நாளுக்கு 110 முதல் 120 கிராம் தீன் தின்னும். ஐந்து கோழிக்கு அரைக்கிலோவுக்குச் சற்று மேல், மாதம் 17 கிலோ. நன்றாக நடந்தால் ஐந்தும் சேர்ந்து நாளுக்கு நான்கு முட்டை இடும். அப்படியானால் ஒரு முட்டைக்குள் ஏறக்குறைய 144 கிராம் தீன் இருக்கிறது. கடையில் ஒரு கிலோ லேயர் தீன் விற்கும் விலையை ஏழால் வகுத்துப் பாருங்கள், அதுதான் உங்கள் முட்டையின் தீன்செலவு. தீன் 175 ரூபா என்றால் முட்டை 25 ரூபா. கூடு, மருந்து, செத்துப்போகும் கோழி எல்லாம் இதற்கு வெளியே. வெயில் காலத்தில் நான்கு முட்டை மூன்றாகக் குறைந்தால் ஏழால் அல்ல, ஐந்தால் வகுக்க வேண்டும். அதே தீன் விலைக்கு முட்டை 35 ரூபா. கடை முட்டையைவிட மலிவு என்ற எண்ணத்தோடு தொடங்கியவர் ஆடி மாதம் வரும்போது கடைக்காரரிடமே திரும்பிப் போவதில் அதிசயம் இல்லை.

தீனை மிச்சம் பிடிக்கச் சோற்றையும் தவிட்டையும் போட்டு லேயரை ஓட்டிப் பார்ப்பார்கள். அது நடக்காது. அந்தக் கோழிக்குத் தீனில் நூற்றுக்கு 16, 17 பங்காவது புரதம் வேண்டும், மூன்றரைப் பங்குக்கு மேல் கல்சியம் வேண்டும். வருடம் 300 முட்டை போடும்படி அதை வடித்திருக்கிறார்கள்; அடைகாக்கும் குணத்தையே அதிலிருந்து கழித்துவிட்டார்கள். தீனில் வராத கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு போடும். கொஞ்ச நாள் முட்டை வரும். பிறகு தோல் முட்டை வரும். பிறகு கோழி காலூன்ற மாட்டாமல் மூலையில் படுக்கும். யுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் பிறகு கிழக்கில் மீளக் குடியேறியவர்களுக்கு வாழ்வாதார உதவி என்று கோழியும் கூடும் கொடுப்பது வழக்கமாயிற்று. நல்ல எண்ணந்தான். ஆனால் லேயரைக் கொடுத்து, தீன் மூட்டை முடிந்த பிறகு என்ன என்பதைச் சொல்லாமல் விட்டால், முடிவை மேலே உள்ள கணக்கே சொல்லிவிடும்.

ஊர்க்கோழியின் பொருளாதாரம் முற்றிலும் வேறு. அது வருடத்தில் மூன்று நான்கு தரம் முட்டைக்கு வரும், ஒவ்வொரு தரமும் பத்துப் பதினைந்து இடும், பிறகு அடைக்குப் படுக்கும். 21 நாள் அடை, அதற்கு மேல் இரண்டு மூன்று மாதம் குஞ்சு மேய்ப்பு. கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு மிஞ்சிப்போனால் ஐம்பது, அறுபது முட்டை. முட்டையும் சிறியது. லேயரோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அது கேட்பதும் அவ்வளவுதான்: அடுக்களைக் கழிவு, ஒரு கை நெல், இரவில் மூடிய கதவு. மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் 1660இல் தகப்பனோடு பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் கைதியாய்க் கிடந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் பன்றியும் கோழியும் வளர்த்துப் பிழைத்ததை எழுதியிருக்கிறான். கையில் ஒன்றுமில்லாதவன் தொடங்கக்கூடிய தொழிலாகக் கோழி அன்றும் இருந்தது. நொக்ஸின் கோழி லேயர் அல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்க்கோழி முட்டைக்குச் சந்தையிலும் தனி மதிப்பு. பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கிற வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதற்கு ஊர்க்கோழி முட்டைதான் வேண்டும் என்று தேடி அலைவார்கள். புரதத்தில் இரண்டு முட்டைக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. மஞ்சட்கரு நல்ல செம்மஞ்சளாக இருப்பது கோழி தின்ற கீரையாலும் புல்லாலும். லேயருக்கும் முருங்கையிலையும் பொன்னாங்காணியும் போட்டால் அதே நிறம் வரும். ஓடு சிவப்பா வெள்ளையா என்பது கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததல்ல. பச்சை முட்டை கொடுப்பதில் சல்மொனெல்லா என்ற கிருமியின் ஆபத்து உண்டு என்பதை மட்டும் அம்மம்மாமாருக்கு யாராவது பக்குவமாய்ச் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ரோட் ஐலண்ட் ரெட் சேவலை ஊர்ப்பேட்டோடு சேர்த்த கலப்புக் கோழிகளை இங்கே பல வீடுகளில் காணலாம். இந்தியாவில் ஐதராபாத்தில் இதே நோக்கத்தோடு வனராஜா, கிராமப்பிரியா என்ற இனங்களை உருவாக்கினார்கள். இப்படிப்பட்ட கோழி பாதித் தீனைத் தானே தேடிக்கொள்ளும், மீதியைக் கையால் போட வேண்டும், முட்டையும் நடுத்தரம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இதைத்தான், நான்கு அல்லது ஐந்து பேடு. முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை. சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டையிடாது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். பட்டினப் பக்கம் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகளில் விடிய நாலு மணிக்குக் கூவுகிற சேவலால் அயலாரோடு மனத்தாங்கல்தான் மிஞ்சும். வெருகல் முருகனின் கொடியில் அது நிற்பது வேறு விஷயம்.

இனி இந்த மாவட்டத்துக்கே உரிய சங்கதிகள். துறைமுகத்தைச் சுற்றி வாழ்கிறவருக்கு மற்ற ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு தீன் இருக்கிறது, மீன்கழிவு. தலை, குடல், விலைபோகாத சிறுமீன் எல்லாம் நல்ல புரதம். அவித்து, தவிட்டில் பிசைந்து கொடுத்தால் கோழி போட்டி போட்டுத் தின்னும். ஆனால் அளவு மீறினால் முட்டையிலேயே மீன் வெடுக்கு ஏறும். சிவப்பு முட்டையிடும் இனங்களில் சில கோழிகளுக்கு மீனிலிருந்து வரும் அந்த வாடைப் பொருளை உடைத்து வெளியேற்றும் சக்தி பிறப்பிலேயே குறைவு. அது நேரே மஞ்சட்கருவுக்குப் போய்ச் சேரும். ஐந்து கோழியில் ஒன்றின் முட்டை மட்டும் நாறுகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். கருவாட்டுத் தலையை அப்படியே போடுவது இன்னும் பெரிய பிழை. கோழிக்கு உப்பு தாங்காது. தண்ணீராய்க் கழியும், அளவு கூடினால் செத்தும் போகும். ஊறவைத்து உப்பை இறக்கிய பிறகு கொஞ்சமாகப் போடலாம்.

உப்பு தண்ணீரிலும் வரும். நிலாவெளிப் பக்கத்து மணலிலும் கிண்ணியாவின் கரையோரங்களிலும் கோடையில் உவர்க்கிற கிணறுகள் உண்டு. கோழிக்கு என்ன, அது எதையும் குடிக்கும் என்று அந்தத் தண்ணீரையே வைப்பார்கள். குடிநீரில் உப்பு ஏறினால் முட்டை ஓட்டின் தரம் கெடும் என்று ஆஸ்திரேலியாவில் 1980களில் செய்த ஆய்வுகள் காட்டின. மனிதர் குடித்தால் பெரிதாய்த் தெரியாத உவர்ப்பே அதற்குப் போதும். ஓடு மெலிகிறது என்று கல்சியத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டும் பலன் இல்லாவிட்டால் கிணற்றை யோசியுங்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிற வீடென்றால் கோழிக்கும் அதுவே நல்லது.

கல்சியத்துக்கு நமக்குக் குறைவில்லை. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய இரண்டு கிராம் கல்சியம் இருக்கிறது, அதை ஒவ்வொரு நாளும் எங்கிருந்தாவது கோழி எடுத்தாக வேண்டும். மட்டி அவித்துத் தின்ற ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, அரிசிக் குருணைக்குச் சற்றுப் பெரிதாய் இடித்துத் தனிச் சிரட்டையில் வைத்தால் போதும். தேவையான கோழி தேவையான அளவு கொத்தும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது என்பதால் பின்னேரத்தில் அந்தச் சிரட்டை நிறைந்திருக்க வேண்டும். மாவாய் இடிக்காதீர்கள், பருக்கையாய் இருந்தால்தான் வயிற்றில் தங்கி இரவு முழுக்க மெல்லக் கரையும். முருகைக்கல்லை உடைத்துப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம், மட்டி ஓடு இருக்கையில் அது தேவையுமில்லை.

தவிடும் உமியும் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து வரும். சீனக்குடாவில் 1980 முதல் ஓடுகிற மாவு ஆலை கோதுமைத் தவிட்டுக்கு ஊற்று. அரிசித் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சில வாரத்தில் காறிவிடும். மூட்டையாய் வாங்கி வைப்பது இலாபமல்ல. தேங்காய்ப் புண்ணாக்கில் மாரி காலத்துப் பூஞ்சணம் பிடித்தால் அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும். குளத்தில் வளர்க்கிற அசோலா பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். காய்ந்த அசோலாவில் புரதம் உண்மையாகவே அதிகம். பச்சையாய் அள்ளிப் போடும் அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கீரைக்குப் பதில் என்றால் சரி, தீனுக்குப் பதில் என்றால் ஏமாற்று. அதைவிட, வைக்கோலும் சாணமும் அடைத்த பழைய பானையைக் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்துக் குஞ்சுக்குப் போட்ட நம் பாட்டிமாரின் வேலை புரதக் கணக்கில் உறுதியானது.

தீனுக்கு அடுத்த பகை வெயில். வைகாசிக்குப் பிறகு மலைநாட்டைத் தாண்டி ஈரமெல்லாம் இறக்கிவிட்டு வரும் கச்சான் காற்று (கடலையைச் சொல்லவில்லை, காற்றைத்தான்) திருகோணமலையை வறுத்தெடுக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. முப்பது பாகையைத் தாண்டினால் வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கும். அப்படி இளைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ஓடு கட்டுவதற்கான காபனேற்று அதிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே கோடையில் மெல்லிய ஓடு வருவது கல்சியக் குறையால் மட்டும் அல்ல. வெக்கையில் தீனும் குறைத்துத்தான் தின்னும். அதனால் தீனை விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் வையுங்கள், நடுப்பகலில் குளிர்ந்த தண்ணீர் போதும். கழுத்தில் இறகில்லாத கோழியை அவலட்சணம் என்று ஒதுக்குவார்கள். இந்த ஊருக்கு அதுதான் அழகி: இறகு குறைந்த உடம்பிலிருந்து சூடு எளிதாக வெளியேறும்.

கூடு கட்டும்போது தகரக் கூரையைத்தான் முதலில் தேடுவார்கள், மலிவும் உறுதியும் என்பதால். பகல் பன்னிரண்டு மணிக்கு அதன் கீழே கையை நீட்டிப் பார்த்தவர் மறுபடி அந்தப் பக்கம் போகமாட்டார். கிடுகு அல்லது பனையோலை வேய்ந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும், ஆனால் கோழி மிஞ்சும். தகரமே கையில் இருந்தால் மேலே கிடுகைப் பரப்புங்கள். நீள்வாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை மாலை வெயில் உள்ளே பாயாது. வேம்பு அல்லது மா நிழல் கிடைத்தால் வேறொன்றும் வேண்டாம். நாலைந்து கோழிக்கு, கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி என்று வைத்தாலே இரவுக்குத் தாராளம், பகலில் வளவு இருக்கிறது. முட்டையிட ஒரு பெட்டி போதும். இரண்டு வைத்தாலும் எல்லாம் ஒன்றில்தான் போய் நெருக்கியடிக்கும்.

கீரி, நாய், உடும்பு, மரநாய், சாரை, பருந்து, காகம். இவற்றில் இரவில் வருபவற்றுக்கு ஒரே பதில், பொழுது படும்போது கதவு மூடியிருக்க வேண்டும், கம்பிவலை நிலத்துக்குள் ஓரடி இறங்கியிருக்க வேண்டும். குஞ்சுகளுக்கு மட்டும் காகம் தனிப்பிரச்சினை. திறந்துவிட்டு வளர்க்கும் குஞ்சில் பாதி பெரிதாகாமல் போவது புதிதல்ல, அதனால்தான் தொடங்குபவர் குஞ்சு வாங்க வேண்டாம், பதினாறு வாரத்துப் பேடு வாங்குங்கள் என்கிறேன். விலை கூடத்தான். இன்னும் சில வாரத்தில் முட்டை வரும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோயில் ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ராணிக்கட். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசல் துறைமுக நகரை ஒட்டிய பண்ணைகளிலும் ஜாவாவிலும் இதை முதலில் அடையாளம் கண்டார்கள். அதனால் உலகம் நியூகாசல் நோய் என்கிறது, நாமும் இந்தியாவும் இமயமலை அடிவாரத்து ராணிக்கேட்டின் பெயரால் அழைக்கிறோம். பச்சையாய்க் கழியும், கழுத்து முறுகும், இரண்டு மூன்று நாளில் கூடு காலி. மருந்து இல்லை, தடுப்பூசி மட்டுமே. இங்கேதான் சிறிய வளர்ப்பாளருக்கு வரும் இடைஞ்சல். தடுப்பு மருந்து நூற்றுக்கணக்கான கோழிக்கு அளந்த குப்பியில்தான் வரும். குளிரில் வைக்க வேண்டும், திறந்து கரைத்தால் சில மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் குப்பி வாங்கி மிச்சத்தை என்ன செய்வது? வெப்பத்தைத் தாங்கும் ஐ-2 என்ற தடுப்பு மருந்தை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியதே இப்படிப்பட்ட கிராமக் கோழிகளுக்காகத்தான். ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் கண்ணில் ஒரு துளி என்று வீடு வீடாய்ப் போய் விடுகிறார்கள்.

நம் ஒழுங்கைக்குப் பொருந்தும் வழியும் வீடுகள் கூட்டாய்ச் செய்வதே. ஒரே ஒழுங்கையில் கோழி வைத்திருக்கும் பத்து வீட்டார் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் சொல்லி வைத்து, ஒரு குப்பியை ஒரே காலையில் முடிப்பது. தனியே நின்று உங்கள் கோழிக்கு மட்டும் ஊசி போட்டால் அயல் கோழிகளில் நோய் சுற்றிக்கொண்டே இருக்கும். வேலி தாண்டி மேயும் பிராணி அது. சந்தையிலிருந்து வாங்கிய புதுக்கோழியை இரண்டு வாரம் தனியே கட்டி வைப்பதும் அயலுக்குச் செய்யும் உபகாரந்தான்.

சைவ வீடுகளில் பேசத் தயங்கும் ஒரு கேள்வி உண்டு. ஒன்றரை, இரண்டு வருடத்தில் கோழியின் முட்டை குறையும், தீன் குறையாது. மூதூரிலோ கிண்ணியாவிலோ முஸ்லிம் வீட்டில் இது ஒரு கேள்வியே அல்ல, ஒரு வெள்ளிக்கிழமையோடு தீரும். முட்டை தின்போம், கோழி தின்னமாட்டோம் என்கிற வீட்டில் ஒன்றில் விற்க வேண்டும், அல்லது கிழக்கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கோழி வாங்குமுன் அதை வீட்டில் பேசி முடியுங்கள். பிள்ளைகள் பெயர் வைத்த பிறகு பேச முடியாது.

எப்போது தொடங்குவது என்பதில் இருவேறு கருத்து உண்டு. கோடை முடிந்து புரட்டாசியில் வாங்கினால் குளிர்ந்த மாதங்களில் முட்டை வரும் என்பார்கள் சிலர். ஆனால் கார்த்திகை மார்கழி அடைமழையில் புதுக்கூடு ஒழுகினால் உமிப்படுக்கை நனைந்து இரத்தக் கழிச்சல் வரும், பழகாத கையில் அதுதான் முதல் சாவு. என் யோசனை வேறு. இந்த மாரியில் கோழி வாங்காதீர்கள். வளவில் எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே ஓடிவிடுகிறது என்று குடையோடு நின்று பார்த்து, தேங்காத இடத்தில் நான்கு தடி நட்டு வையுங்கள். அடுக்களையில் நாளுக்கு எவ்வளவு சோறும் மீனும் எறியப்படுகிறது என்று ஒரு வாரம் தனிச் சட்டியில் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். தைப்பொங்கல் முடிந்து நிலம் காய்ந்ததும் கிடுகு வேய்ந்து, அந்தச் சட்டி தாங்கும் அளவுக்குப் பேடு வாங்கலாம். கச்சான் வீசத் தொடங்க இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும். அதற்குள் அவை வளவைப் பழகி முட்டைக்கும் வந்திருக்கும்.